அக்கரைக்குப் போன புளியமரத்து வளவு

வெருகல் ஆற்றுக்கு வடக்கே திருகோணமலை, தெற்கே மட்டக்களப்பு. எழுத்து வாசிப்புத் தெரியாத எனக்கு எல்லை என்றால் அந்தத் தண்ணீர்தான். ஒரு மாவட்டத்துத் தண்ணீரை அள்ளி மற்ற மாவட்டத்தில் கொப்பளிக்கிறேனோ என்று சின்ன வயதில் முகம் கழுவும்போது யோசித்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்போம். மாப்பிள்ளை அங்கே வந்துவிடுவார். என் ஆண்பிள்ளைகள் அப்படித்தான் போனார்கள், ஒருவன் நிலாவெளிக்கு, மற்றவன் திரியாய்க்கு. நிலாவெளிக்காரன் ஹோட்டலில் சமையல். அவன் வைக்கும் மீன்குழம்பு... சரி, அது வேறு கதை. எனக்குக் கிட்ட இருக்கப்போவது கடைசி மகள்தான். அவளுக்கென்று ஆற்றின் வடகரையில், என் வீடு இருக்கிற கரையிலேயே, புளியமரத்து வளவு என்கிற காணித்துண்டை வைத்திருந்தேன்.

கலியாணம் பேசி முடித்த பிறகு மாரி வெள்ளம் வந்தது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், ஆறு வளவுக்கு வடக்கே புதுவழி வெட்டி ஓடுகிறது. பழைய வழியை மண் மூடிவிட்டது. வளவு அக்கரையில்!

மாப்பிள்ளையின் தாய் தென்கரைக்காரி. தோணியில் வந்திறங்கும்போதே வாயெல்லாம் பல்.

"என்ன சம்மந்தி, வளவையே எங்களுக்கு அனுப்பிப்போட்டீங்க? இனி மருமகள்தான் எங்கட மாவட்டத்துக்கு வாறா."

"ஆறு செஞ்ச வேலைக்கு நீங்க ஏன் கா துள்ளுறீங்க?" என்றேன். சிரித்தேன்தான், ஆனால் மகளும் கையை விட்டுப் போகிறாளோ என்று பயந்தேன்.

வளவை அளக்க நில அளவையாளர் வந்து மூன்றுகால் கருவியை ஊன்றினார். நான் அவரை விடவில்லை.

"தம்பி, ஆறு போனா எல்லையும் கூடப் போயிடுமோ?"

"இல்லையம்மா. ஆறு முந்தி ஓடின இடத்திலதான் கோடு போட்டிருக்கு. அது வெள்ளத்துக்கு அசையாது. வளவு இப்பவும் திருகோணமலைதான்."

"அப்ப அந்த மண் மூடின பள்ளமோ எல்லை?"

"ஓம்."

கூட வந்திருந்த சம்மந்தி அந்தப் பள்ளத்தைப் பார்த்துச் சொன்னார்: "அப்ப என்ர மகன் கால் நனையாம வேற மாவட்டத்துக்குப் போகப்போறான்."

"ஓம் கா. நான்தான் என்ர மாவட்டத்துக்குள்ளயே தோணி ஏறவேணும்!"

புளியமரத்தடியில் மகளுக்கு வீடு எழும்பிவிட்டது. நேற்றும் தோணிக்குக் காத்திருந்து போனேன். சம்மந்தி எனக்கு முன்னமே வந்து கதிரையில் உட்கார்ந்திருக்கிறார்.

"வாங்க சம்மந்தி, வெளியூர்க்காரி மாதிரிப் பிந்தி வாறீங்க!"

"நீங்கதான் கா வெளியூர். எழும்புங்க, அது என்ர கதிரை."