நான் சொல்லாமல் விட்ட வரி

இன்று காலை தென்காசிக்கு ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன். வயிற்றில் கட்டி. என்ன கட்டி என்று இன்னும் தெரியவில்லை.

பக்கத்தில் சிவகிரிப் பெண் ஒருத்தி. அவள் கணவர் ஸ்கேன் அறையில் இருந்தார். அவள் இயேசு கற்பித்த ஜெபமான பரலோக மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் ஒரே வரியை விட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"'உமது திருவுளம் நிறைவேறுக' என்பதை விட்டுவிட்டாயே அம்மா."

"தெரியும் ஆச்சி. வேணும்னுதான் விடுதேன். ஆண்டவரு திருவுளம் வேற மாதிரி இருந்துட்டா? பயமா இருக்குல்லா."

"அப்படி விடக் கூடாது. முழுதாகச் சொல்ல வேண்டும்" என்று அதட்டினேன்.

"அப்ப நீங்க சொல்லுங்க. நான் பின்னால சொல்லுதேன்."

கண்ணை மூடித் தொடங்கினேன். என் கணவரை அடக்கம் செய்த அன்றுகூட அந்த வரியைத் தெளிவாகச் சொன்னவள் நான். இன்று அந்த இடம் வந்ததும் என் கட்டி நினைவுக்கு வந்தது. வாய் திறக்கவில்லை.

அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து, "சரி ஆச்சி, அடுத்த வரிக்குப் போவோம்" என்றாள்.

போனோம்.

பள்ளியில் தமிழும் கோவிலில் மறைக்கல்வியும் சொல்லிக்கொடுத்தவள் நான். மறைக்கல்வி வகுப்பில் அந்த வரியில் தடுமாறிய பிள்ளைகளை முட்டி போட வைத்திருக்கிறேன். அவர்களில் யாராவது இதைப் படித்தால் என்னைத் திட்டலாம். எழுத்துப்பிழை இல்லாமல்.