வராமல் போன நாற்பத்தொரு பேர்

எலும்பு மூட்டுப் பிரிவில் எல்லோரும் அவளைக் கோப்பு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த வார்டு நர்ஸுக்கும் அவள் அக்காதான். இருபத்தாறு வயதில், எக்ஸ்ரே உறைகளைத் தேதிவாரியாக அடுக்க மூன்று மாதத் தற்காலிக வேலைக்கு வந்தவள். மூன்று மாதம் முடிந்ததை அவளும் யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை. அவளை அனுப்பவும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அப்படியே பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது.

மாவுக்கட்டு போடும் அறைக்கு அடுத்த அறை அவளுடையது. ரம்பத்தால் மாவுக்கட்டை அறுக்கும் சத்தம் சுவர் வழியாக வரும், வெள்ளைத் தூசி கதவுக்கு அடியில் வரும். காலையில் ஈரத்துணியால் துடைத்த மேஜையில் மத்தியானம் விரலால் கோலம் போடலாம். நோயாளிகளின் முகம் அவளுக்கு மறந்துபோகும், எக்ஸ்ரே மறக்காது. வரிசையில் நிற்கும் ஒருவரை யாரென்று தெரியாமல் பார்த்துவிட்டு, உறையைப் பிரித்ததும், "அட, நீங்களா! மாடிப்படியில விழுந்தவர்தானே?" என்பாள்.

பிரிவின் தலைவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். ஆள் ஐந்தடிதான். அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த சின்ன டாக்டர்தான் ஆறடிக்கு மேல். ஐந்து வருடத்துக்கு முன்பு பெரிய டாக்டர் இடுப்பு மூட்டு மாற்றுவதில் ஒரு புது முறையைத் தொடங்கியிருந்தார். மற்றவர்கள் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிச் செய்வதை அவர் நாலு விரல் அகலத்தில் செய்தார். நோயாளி மறுநாளே எழுந்து நடந்தார். வெளியூர் டாக்டர்களெல்லாம் வந்து பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அந்த முறையில் செய்து இரண்டு வருடம் தாண்டியிருந்த சமயம், அதைக் கட்டுரையாக்கி ஒரு பெரிய மாநாட்டுக்கு அனுப்ப ஏற்பாடானது. எழுதும் பொறுப்பு ஆராய்ச்சிக்காகச் சேர்ந்திருந்த இளம் டாக்டரம்மாவுக்கு. அந்தப் பெண்ணின் பட்டமே இந்தக் கட்டுரையை நம்பித்தான் இருந்தது. இரண்டு வருடப் பரிசோதனைக்கு யார் யார் வந்தார்கள், எப்படி நடக்கிறார்கள் என்று பட்டியல் போடும் வேலை கோப்பு அக்காவுக்கு வந்தது.

நூற்று எழுபத்தொரு பேர் வந்திருந்தார்கள். அதில் நூற்று அறுபத்து நாலு பேர் நன்றாக இருந்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. மீதி நாற்பத்தொரு பேர் வரவே இல்லை. பட்டியலுக்கு அடியில் பொடி எழுத்தில் "தொடர்பில் இல்லாதவர்கள்: 41" என்று ஒரு வரி.

அந்த வரியைப் பற்றி அவள் கேட்டபோது பெரிய டாக்டர் சிரித்தார். "நல்லா நடக்கறவன் ஆஸ்பத்திரி வாசலை எதுக்கும்மா மிதிக்கப் போறான்?"

நியாயமாகத்தான் பட்டது. அவள் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டாள்.

அடுத்த வாரம் பஸ்ஸில் ஒரு தையல்காரரைப் பார்த்தாள். கைத்தடியை முழங்கையில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் இடது காலையே முதலில் வைத்து ஏறினார். இந்தத் தடவை முகமே ஞாபகம் வந்தது. எல்லோருக்கும் புதுச் சட்டை தைத்துத் தருவதாக வார்டில் சொல்லிக்கொண்டிருந்தவர். புது முறையில் ஒன்பதாவது ஆள்.

"அண்ணே, பரிசோதனைக்கு நீங்க வரவே இல்லையே?"

"வந்து என்னம்மா பண்றது? மூட்டு ரெண்டு தடவை நழுவிடுச்சு. ரெண்டாவது தடவை வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. அவங்களே மறுபடி பிரிச்சு வேற மூட்டு வச்சாங்க. இப்ப கால் கொஞ்சம் குட்டை."

"எங்ககிட்ட வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்க டாக்டர் தங்கமான மனுஷன். அவர்கிட்டப் போய் இதைச் சொன்னா சங்கடப்படுவாரு."

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். எண்ணெய்க் கறை படிந்த கையை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் ஒரு லிஃப்டை ரிப்பேர் பண்ணிட்டு வரேன். அப்புறம் அந்தக் கட்டடத்துல இருந்து போனே வரலைன்னா என்ன அர்த்தம்?"

"நல்லா ஓடுதுன்னு அர்த்தம்."

"இல்ல, வேற மெக்கானிக்கைக் கூப்பிட்டுட்டாங்கன்னு அர்த்தம். ரெண்டுல எதுன்னு போய்ப் பார்த்தாத்தான் தெரியும்."

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனாள். கட்டுரை அனுப்ப ஏழு வாரம்தான் இருக்கிறது என்றாள் அந்தப் பெண். "எந்த ஆராய்ச்சியிலயும் கொஞ்சம் பேர் விட்டுப்போவாங்க அக்கா. இது சகஜம். இதுக்கெல்லாம் தலையைப் போட்டு உடைச்சுக்காதீங்க."

பெரிய டாக்டர் இரண்டு அறுவை சிகிச்சைகளுக்கு நடுவில் கை கழுவிக்கொண்டிருந்தார். தையல்காரரைப் பற்றிச் சொல்லாமல், வராதவர்களைத் தேடலாமா என்று மட்டும் கேட்டாள். அவர் தடுக்கவில்லை. "தாராளமா தேடு. எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு தெரிஞ்சா எனக்கும் சந்தோஷம்தானே." அவர் அதை மனதாரத்தான் சொன்னார். நாற்பத்தொரு பேரும் எங்கோ ஓடியாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர் உண்மையிலேயே நம்பினார்.

மத்தியான இடைவேளைகளில் போன் செய்தாள். பாதி எண்கள் உபயோகத்திலேயே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, பழைய முகவரிகளைத் தேடிப் போனாள். வீடு மாறியவர்களைப் பக்கத்து வீட்டாரும் மருந்துக்கடைக்காரரும் சொல்லித்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

முதல் நாலைந்து பேரிடமே ஒன்று புரிந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அதனால் கேள்வியை மாற்றினாள். செருப்பை நீங்களே மாட்டிக்கொள்கிறீர்களா? கால் நகத்தை யார் வெட்டிவிடுகிறார்கள்? நீச்சல் சொல்லித்தந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா, "எனக்கு ஒரு குறையும் இல்லை. சாக்ஸ் மட்டும் இவர் மாட்டிவிடுவார், அன்பு அதிகம்" என்றாள். பின்னாலிருந்து அவள் கணவர், "அன்பும் இல்லை, ஒண்ணும் இல்லை. இவளால குனிய முடியாது" என்றார்.

ஆறாவது வாரம் கணக்கு முடிந்தது. நாலு பேர் இறந்திருந்தார்கள். மூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூன்று பேரைக் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. மீதி முப்பத்து நாலு பேரில் பத்தொன்பது பேர் நிஜமாகவே சௌக்கியம். கூரை வேய்கிற ஒருவர், ஏணி உச்சியில் நின்றுகொண்டே, "வேலை நேரத்துல வந்து கழுத்தறுக்காதீங்க" என்று கத்தினார். அவரையும் சௌக்கியத்தில் சேர்த்தாள். பதினைந்து பேர் சரியாக இல்லை. அதில் ஆறு பேருக்கு வேறு ஆஸ்பத்திரிகளில் மறுபடி அறுவை நடந்திருந்தது.

உறைகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பழகிய கை. அந்தப் பதினைந்து பேரையும் அப்படியே அறுவை நடந்த தேதிவாரியாக எழுதினாள். எழுதி முடித்ததும் பேனாவை வைத்துவிட்டாள். பதினைந்தில் பன்னிரண்டு பேர் முதல் அறுபது பேருக்குள் வந்தார்கள். தப்பாக எழுதிவிட்டோமோ என்று இன்னும் இரண்டு தடவை சரிபார்த்தாள். பன்னிரண்டுதான்.

பிரிவின் வாராந்திரக் கூட்டத்தில் தாளை மேஜைமேல் வைத்தாள். முதலில் பேசியவர் சின்ன டாக்டர். "கோப்பு அடுக்குங்கன்னு சொன்னா, குற்றப்பத்திரிகை எழுதிட்டு வந்திருக்கீங்களே அக்கா."

டாக்டரம்மா தாளைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள். "இன்னும் ஒரு வாரத்துல நான் எல்லாத்தையும் மாத்தி எழுதணுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

பெரிய டாக்டர் பென்சிலை எடுத்து ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனார். கடைசிப் புள்ளி வைத்துவிட்டு, "இது நான் கத்துக்கிட்டிருந்த சமயம்" என்றார். யாரிடமும் இல்லை, தாளைப் பார்த்துத்தான் சொன்னார். கூட்டம் அத்தோடு கலைந்தது.

இரண்டு நாள் அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேறு பிரிவுக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று நினைத்து அவள் மேஜை இழுப்பறையைக் காலி செய்து வைத்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்றும் தோன்றியது. மூன்றாவது நாள் மத்தியானம் அவர் கோப்பு அறைக்கே வந்தார். அந்த அறைக்குள் அவர் வருவது அதுவே முதல் தடவை.

"அந்தத் தையல்காரர் வீடு உனக்குத் தெரியும்தானே? போகலாம் வா."

வீட்டின் முன்னறைதான் தையல் கடை. மெஷினின் மிதியை இடது காலுக்கு வசதியாகத் தள்ளி வைத்திருந்தார்கள். டாக்டரைப் பார்த்ததும் தையல்காரர் எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டாக்டர் தரையில் மண்டியிட்டு அவர் காலை மெதுவாக மடக்கிப் பார்த்தார். அளக்கும் டேப்பைக் கொண்டுவர மறந்திருந்தார். தையல்காரர் தன் கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்றிக் கொடுத்தார். இடுப்பு எலும்பிலிருந்து கணுக்கால் வரை அளந்தார், மற்ற காலையும் அளந்தார்.

"அரை அங்குலம் குறையுது."

"எனக்கு எப்பவோ தெரியும் டாக்டர். நான் அளவெடுக்கறவன் இல்லையா?" தையல்காரர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "உங்களைப் பத்தி விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். கைராசிக்காரர்னு எல்லாரும் சொன்னாங்க. இந்த முறையை இப்பத்தான் கத்துக்கறீங்கன்னு மட்டும் யாரும் சொல்லல."

"நானும் சொல்லல" என்றார் டாக்டர்.

"சொல்லியிருந்தா, இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு வந்திருப்பேன். அவ்வளவுதான்."

டாக்டர் டேப்பைத் திருப்பிக் கொடுத்தார். செருப்புக்குள் வைக்க ஒரு அட்டை செய்து அனுப்புவதாகச் சொன்னார். அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை.

மாநாட்டுத் தேதி தவறிப்போனது. கட்டுரையை முதலிலிருந்து எழுதினார்கள். நல்ல பலன் தொண்ணூற்றாறிலிருந்து எண்பத்தொன்பதாக இறங்கியது. முதல் அறுபது பேருக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிய டாக்டர் தனிப் பட்டியலாகப் போடச் சொன்னார். பெரிய மருத்துவப் பத்திரிகை ஒன்று திருப்பி அனுப்பிவிட்டது. சின்னப் பத்திரிகை ஒன்று போட்டது. கட்டுரை எழுதியவர்கள் வரிசையில் நாலாவதாக அவளுடைய சொந்தப் பெயர் இருந்தது. வார்டு நர்ஸ் அதைப் படித்துவிட்டு, "இது யாரு, புதுசா ஒரு டாக்டரா?" என்று கேட்டாள்.

டாக்டரம்மாவுக்குப் பட்டம் எட்டு மாதம் தள்ளிப்போனது. அவள் கடைசிவரை கோப்பு அக்காவிடம் மரியாதையாகவே பேசினாள். வேலையைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. கோப்பு அக்காவுக்குத் தொடர்கண்காணிப்பு அலுவலர் என்று ஒரு பதவியும் ஒரு போனும் கொடுத்தார்கள். அறை மட்டும் அதேதான், தூசியும் அதேதான்.

சம்மதப் படிவத்தில் பெரிய டாக்டர் ஒரு வரி சேர்த்தார். "இந்த முறையில் இதுவரை நான் செய்த அறுவைகளின் எண்ணிக்கை." பக்கத்தில் ஒரு கட்டம். அதை டாக்டரே தன் கையால் நிரப்ப வேண்டும். சின்ன டாக்டர் முணுமுணுத்தார். கட்டத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போன நோயாளிகளும் உண்டு.

ஒரு வருடம் கழித்து சின்ன டாக்டர் முழங்காலில் ஒரு புது முறையைத் தொடங்கினார். நாலாவதாக வந்தவள் லாரி ஓட்டுகிற ஒரு பெண். படிவத்தை வரி விடாமல் படித்தாள்.

"இதுல மூணுன்னு எழுதியிருக்கீங்க. அப்ப நான் நாலாவதா?"

"ஆமாம்மா."

"அந்த மூணு பேரும் இப்ப எப்படி இருக்காங்க?"

சின்ன டாக்டர் படிவத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு மேஜைமேலிருந்த போனை எடுத்துக் கோப்பு அறையின் எண்ணை அழுத்தினார். அவள் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராகச் சொன்னாள். ஒருவர் படியேறுகிறார். ஒருவருக்கு முழங்கால் முழுதாக மடங்கவில்லை. ஒருவருக்கு இன்னும் மூன்று வாரம் போனால்தான் சொல்ல முடியும். சின்ன டாக்டர் அதை அப்படியே திருப்பிச் சொன்னார்.

"மூணு வாரம் கழிச்சு வரேன்" என்று சொல்லிவிட்டு, லாரிக்காரப் பெண் படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நொண்டியபடி வெளியே போனாள்.