முதுமாணிக்கு ஒரு வருடம் போதுமாம்

வங்கி வேலையை விட்டு உளவளத்துணையாளராகப் போகிறேன் என்று வீட்டில் சண்டை பிடித்து முடித்தாயிற்று. இளமாணிப் பட்டத்தை முதலில் இருந்து படிப்பதா, நேரே மாஸ்டர்ஸ் எனப்படும் முதுமாணியா என்பதுதான் மிச்சக் கேள்வி.

அதைக் கேட்க இன்று வவுனியாவில் ஒரு தனியார் கல்வி நிலையத்துக்குப் போனேன்.

"இந்த வயசில திரும்ப இளமாணியோ மிஸ்? முதுமாணி ஒரு வருசம்தான். அதைச் செய்யுங்கோ," என்றார் அங்கிருந்தவர்.

"நான் வணிகம் படிச்சனான். உளவியல் ஒண்டும் தெரியாது. விளங்குமோ?"

"விளங்காட்டிலும் பரவாயில்லை மிஸ். அசைன்மென்ற் எழுதித் தர எங்களிட்ட ஆக்கள் இருக்கினம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செட்டிகுளத்தில் என் சிநேகிதி பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு இருந்தபோது, பக்கத்தில் இருந்தும் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தவள் நான். அதனால்தான் இந்தப் படிப்பே.

"அப்ப பிள்ளையைப் பறிகுடுத்த ஒரு தாய் என்னட்டை வந்தா, அவாவோட கதைக்கவும் அந்த அசைன்மென்ற் எழுதுற ஆளையே அனுப்புவியளோ?"

"அதைப் பிறகு பாக்கலாம் மிஸ்," என்று சிரித்தார்.

எழும்பி வந்துவிட்டேன். இளமாணிதான், முதலாம் வருடத்தில் இருந்து.

நாற்பதை நெருங்கும்போது முதலாம் வருடத்தில் போய் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: வகுப்புப் பிள்ளைகள் எங்களை அக்கா என்பார்களா, அன்ரி என்பார்களா?