நீலாம்பாள் பேசிய படங்கள்

நாடகக் கம்பெனியில் ராஜா வேஷக்காரர் காய்ச்சலில் படுத்தால் நீலாம்பாள்தான் ராஜா. கிழவி வேஷக்காரி கோபித்துக்கொண்டு போனால் அவளே கிழவி. எந்த வேஷமும் அவளுக்குப் பொருந்திவிடும். அந்தக் கம்பெனி ரங்கூனில் நொடித்துப்போனது. அவளோடு குடித்தனம் நடத்திய ஆர்மோனியக்காரர் குழந்தைவேலு, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஊருக்குக் கப்பலேறிவிட்டார்.

பர்மாவில் ஊமைப்படம் எடுக்கத் தொடங்கியிருந்த காலம் அது. முகம் பேசினால் போதும் என்பதால், பர்மிய மொழி சரியாக வராத அவளையும் கூப்பிட்டார்கள். மந்திரக்காரி, பைத்தியக்காரி, மீன்காரி, ஒரு படத்தில் திருடன் என்று எல்லாம் நடித்தாள். கோ தான் மௌங் என்ற பர்மியர்தான் படம்பிடிப்பவர்; அவளைப் பர்மிய வழக்கப்படி ‘மா நீலா’ என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

ஒரு படத்துக்காக, ரங்கூனை அடுத்த இன்செயின் பக்கத்து வயலில் ஒரு குடிசை கட்டித் தீ வைத்தார்கள். அவள் உள்ளிருந்து ஓடிவர வேண்டும். அதற்குள் கூரை சரிந்தது. புடவையில் பற்றிய தீ தோளைத் தாண்டிக் கன்னத்துக்கு ஏறியது. அலறிக்கொண்டு தரையில் புரண்டாள். யாரோ ஈரச்சாக்கைப் போட்டு அணைத்தார்கள். நினைவு தப்புமுன் அவள் கண்ணில் பட்டது, கோ தான் மௌங் இன்னும் காமிராவின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்ததுதான்.

வெந்த முகத்துக்கு யார் வேஷம் தருவார்கள்? ரங்கூனின் கியாக்டடா பேட்டையில் பயாஸ்கோப் கொட்டகை வைத்திருந்த பர்கத்துல்லா வேலை கொடுத்தார். படத்தின் நடுவே வரும் பர்மிய எழுத்துப் புரியாத துறைமுகத் தமிழர்களுக்கு, திரையோரம் நின்று படத்தின் கதையைச் சொல்ல வேண்டும். முக்காடிட்டு இருட்டில் நின்றபடி, கதாநாயகன் முதல் குழந்தை வரை எல்லாருக்கும் அவளே பேசினாள்.

அந்தக் குடிசைப் படமும் ஒருநாள் வந்தது. வேறு ஆளை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள். வேறு ஆள் இல்லை என்றுவிட்டார் பர்கத்துல்லா. திரையில் அவள் புரண்டபோது வாயடைத்து நின்றாள். கதை சொல்லச் சொல்லிக் கூட்டம் கத்தியது.

“அது நான்தான்,” என்றாள். “நடிப்பில்ல. நெசமாவே எரியுது. அணைக்காம படம் புடிக்கிறாங்க.”

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

“நாளைக்கும் இதையே சொல்லும்மா,” என்றார் பர்கத்துல்லா. “சனம் இதுக்குத்தான் வரும்.”

சொன்னாள். தினமும் சொன்னாள். ஒருநாள் ‘நெசமாவே’ என்ற இடத்தில் குரல் தானாக நடுங்கி, கூட்டம் உச்சுக்கொட்டும்வரை பொறுத்துப் பிறகு மேலே போனதை அவளே கவனித்தாள். தீயில் கிடந்தபோது தோன்றாத பயம் அப்போது தோன்றியது. படம் அடுத்த ஊரான மோல்மேனுக்குப் போனதும் வேலையை விட்டுவிட்டாள்.

பிறகு அரிசி ஆலையில் புடைக்கிற வேலை. தவிட்டுத் தூசி நெஞ்சில் இறங்கி இருமலானது. மூன்றாவது மழைக்காலத்தில் செத்துப்போனாள். ஆலைப் பெண்கள்தான் காரியம் பார்த்தார்கள். அவள் வேஷம் கட்டியவள் என்று அவர்களில் ஒருத்திக்கும் தெரியாது.