முருகன் வந்து உட்கார்ந்த மலை

என் தம்பி பெண்டாட்டி செவந்தி கொண்டுவந்த சீரைப் பார்த்து கீரமங்கலமே வாயைப் பிளந்தது. 1949, வைகாசி. பேராவூரணி ஸ்டேஷனிலிருந்து முதல் மாட்டு வண்டியில் அண்டாவும் குத்துவிளக்கும் வந்தன. பின்னால் தனி வண்டியில் பீரோ பருமனுக்குக் கறுப்பாக ஒரு பெட்டி. பியானோவாம். செவந்தியின் அப்பா மலாயாவில், ஈப்போ ஊரில், ஈயச் சுரங்க ஆபீசில் ஸ்டோர்கீப்பர். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரிடம் மலிவாக வாங்கியிருக்கிறார். அடுத்த வாசலில் இருக்கிற தம்பி வீட்டில், எங்கள் நெல் மூட்டை அடுக்குகிற இடத்தை அது பிடித்துக்கொண்டதில் எனக்கு ஒரே எரிச்சல். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஊருக்கே தெரியும். "மூடியெல்லாம் இருக்கே, அரிசி கொட்டி வைக்கலாமா?" என்று கேட்டேன். புதுப்பெண் கோபப்படுவாள் என்று பார்த்தால் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

பியானோவுக்கு மேலே சுவரில் அவள் ஒரு படம் மாட்டினாள். சீனத்துத் தாளில் வெறும் கறுப்பு மையால் வரைந்தது. அடியில் ஒரு படகு, அதில் குந்தியிருக்கிற ஒரு ஆள். மேலே ஒரு மலை முனை. நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் தாள்தான். வரைந்தவள் மெய் லின். ஈப்போவில் பக்கத்து வீட்டுச் சீனத்துப் பெண், செவந்திக்கு ஒத்த வயது. கான்வென்ட்டில் இவள் பியானோ வாசிக்க, அவள் பக்கத்தில் தாளை விரித்து வரைவாளாம். ஜப்பான்காரன் காலத்தில் ஒருநாள் மெய் லின் வீட்டு ஆட்களை எல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு யாரும் அவர்களைப் பார்க்கவில்லை. இந்தப் படம் மட்டும்தான் மிச்சம்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு செவந்தி வாசிக்க உட்காருவாள். யாரும் எழுதிக் கொடுத்த பாட்டில்லை. படத்தைப் பார்ப்பாள், கையில் வருவதை வாசிப்பாள். முதலில் இடது கையில் இரண்டே சுரம், தண்ணீரில் படகு ஆடுகிற மாதிரி. அப்புறம் மெள்ள மெள்ள மேலே ஏறும். சட்டென்று நின்றுவிடும். கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். நான் முதல் தடவை கேட்டபோது, முடிந்தது என்று முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"இருங்க மதினி. படத்துல நடுவுல வெறுமையா இருக்கே, அது பனி மூட்டம். கொஞ்சம் இருந்தாத்தான் மலை தெரியும்" என்றாள்.

மரியாதைக்கு உட்கார்ந்தேன். அப்புறம் வலது கையில், உச்சியில், நாலைந்து சுரம் மெல்லிசாக வந்தது. எனக்கு எதற்கென்று தெரியாமல் அழுகை முட்டியது. அதை அவளிடம் காட்டுவேனா? இதில் பாட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்தேன். மறுநாளும் போனேன்.

என் தம்பி ஆண்டியப்பனுக்குப் பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் கடை. சங்கீதத்துக்கும் அவனுக்கும் வெகு தூரம். அவள் நிறுத்துகிற இடத்தில் ஒவ்வொரு நாளும் "முடிஞ்சிருச்சா? சரி, கடைக்குப் போறேன்" என்று கிளம்பிவிடுவான். ஆனால் அந்தப் பெட்டி உயிரோடு இருந்தது அவனால்தான். உள்ளே கம்பளித் துண்டுகளைப் பூச்சி அரித்தால் பழைய டியூப் ரப்பரை வெட்டி ஒட்டுவான். கம்பி அறுந்தால் மதுரை வரைக்கும் அலைந்து வாங்கி வருவான். பெண்டாட்டி மேல் அப்படி ஒரு பிரியம். வாய்விட்டுச் சொல்லத்தான் வராது.

1958 பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது படத்தைக் கழற்றினார்கள். பொங்கலன்று காலையில் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, தாளில் சுற்றி, ஆண்டியப்பன் கொண்டுவந்தான். முகமெல்லாம் பல். நாடகக் கொட்டகைக்குச் சீன் படுதா எழுதுகிற சோலையப்பனிடம் கொடுத்து முடிக்கச் சொல்லியிருக்கிறான். சோலையப்பனும் கை தேர்ந்த ஆள்தான். மலை என்றால் அதில் முருகன் இல்லாமல் இருப்பாரா? நடுவில் மயிலோடு முருகன் நிற்கிறார். பின்னால் நீல வானம், இரண்டு பக்கமும் தென்னை மரம். படகை மட்டும் தொடவில்லை.

செவந்தி படகின் மேல் விரலை வைத்தாள். "நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு, பொங்கல் பானையைப் பார்க்கப் போனாள்.

அதோடு வாசிப்பு நின்றது. தை போய் மாசியும் போனது. சமைத்தாள், சிரித்தாள், என் கிண்டலுக்குப் பதிலும் சொன்னாள். பெட்டியை மட்டும் திறக்கவில்லை. மத்தியானமானால் நான் ஏதாவது சாக்கு வைத்துப் போய் எட்டிப் பார்ப்பேன். ஆண்டியப்பன் கம்பி ஏதோ அறுந்திருக்கிறது என்று நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பியானோவை முழுசாகப் பிரித்துப் போட்டான். எண்ணெய் போட்டான், ஒவ்வொரு கட்டையாக அமுக்கிப் பார்த்தான். என்னிடம் வந்து, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் வாசிக்க மாட்டேன் என்கிறாள் என்று கேட்டான்.

எனக்கு வந்த கோபத்துக்கு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். "அது முடியாத படம் இல்லடா, மடையா. அப்படி இருக்கணும்னே வரஞ்சது. திரும்பி வராத பொண்ணோட கை அது."

அவன் முகம் செத்துப் போய்விட்டது. "அவ தெனம் அதையே பாத்துக்கிட்டு இருந்தாக்கா. கூட்டாளி பாதியில விட்டுட்டுப் போயிட்டாளேன்னு ஏங்குறாளோன்னு நெனச்சேன். முடிச்சுக் குடுத்தா மனசு ஆறுமேன்னுதான்..."

ஒரு டம்ளர் மோரை ஊற்றி அவன் கையில் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே படத்தைக் கழற்றினான். கழற்றி என்ன செய்வது? முருகன் இருக்கிற படத்தைப் பரணில் போட முடியுமா? என் வீட்டுச் சாமி மாடத்தில் மாட்டினேன். செவந்தி வெள்ளிக்கிழமை தவறாமல் கும்பிட வருவாள். விபூதியைப் பூசிக்கொண்டு, கீழே படகைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் அடுப்படிப் பக்கம் போய்விடுவேன்.

பங்குனியில் ஒருநாள் குழம்பு கொடுக்கப் போனேன். ஆண்டியப்பன் கடைக்குப் போகாமல் பியானோவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். எதிரே வெள்ளையடித்த வெறும் சுவர், அதில் ஒரு ஆணி.

"அந்த எடத்துல என்ன இருந்துச்சுன்னு எனக்குக் காட்டு, செவந்தி. நான் ஒரு நாளும் இருந்து கேட்டதில்ல" என்றான்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு மூடியைத் திறந்தாள். படகு வந்தது. மெள்ள ஏறியது. நின்றது. கை மடிக்குப் போனது. என் தம்பி எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான், கண்ணில் தண்ணீர் கொட்டியது. குழம்புக் கிண்ணம் கையைச் சுட்டது, இறக்கி வைக்க எனக்குத் தோன்றவில்லை. பிறகு மலை வந்தது.

அதன்பின் தினமும் வாசித்தாள். சுவரில் அவள் வேறு எதையும் மாட்டவில்லை. அந்த ஆணியும் அப்படியே இருந்தது.

மூன்று நாலு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் சோலையப்பன் வந்திருந்தான். செவந்தித் தங்கச்சி வாசிக்கிறதைக் கேட்கணும் என்று அவனுக்கு ரொம்ப நாளாக ஆசை. படத்தால் நடந்தது எதையும் அவனிடம் நாங்கள் சொன்னதில்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக் கேட்டான். செவந்தி கையை மடியில் வைத்ததும், பிரமாதம் என்று சொல்லித் துண்டை உதறி எழுந்தான்.

ஆண்டியப்பன் அவன் துண்டைப் பிடித்துக் கீழே இழுத்தான்.

"உக்காருப்பா. இப்ப மூட்டம். மலை இனிமேத்தான் வரும்."

சோலையப்பன் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்தான். நாங்கள் நாலு பேரும் காத்திருந்தோம்.