குவைத் நேரம் காட்டிய கடிகாரம்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக் கடிகாரம் ஒரு காலத்தில் இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடியது. பழுது ஒன்றுமில்லை. அப்பாதான் அப்படி வைத்திருந்தார்.

அம்மா வீட்டு வேலைக்குக் குவைத் போன நாள் அது. "பதினொன்னுக்கு ஏறுறேன், ஒன்னரைக்கு எறங்கிடுவேன். எறங்கினதும் நானா கடைக்குப் போன் அடிக்கிறேன்" என்று டிக்கெட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எங்கள் பொகவந்தலாவையிலிருந்து பஸ்ஸில் கொழும்பு போக அதைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகும். பறப்பதென்றால் சும்மாவா என்று அப்பா பெருமைப்பட்டுக்கொண்டார். கைக்குழந்தையாக இருந்த தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் இருந்த நானாவின் மளிகைக் கடைக்கு வந்தோம். இரண்டு மணி அடித்தது, போன் அடிக்கவில்லை. மூன்றானது. தேயிலைக்குள் சிறுத்தையைக் கண்டும் அசராத மனிதர், அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுவதைப் பார்த்து, அம்மா கடலில் விழுந்துவிட்டாள் என்றே முடிவுகட்டினேன். ஹட்டனுக்குச் சரக்கெடுக்கப் போயிருந்த கடைக்கார நானா அப்போதுதான் திரும்பி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட என்னங்க நீங்க! எறங்குறதுக்கு டிக்கெட்டுல போட்டிருக்கிறது அந்த ஊர் நேரம். அங்க இப்பத்தான் பன்னெண்டரை. அவங்க இன்னும் வானத்துலதான் இருக்காங்க."

"இன்னும் வானத்துலயா?" என்று அப்பா அலறினார்.

பொழுது சாயும் நேரத்தில் போன் வந்தது. "வந்து சேந்துட்டேன். புள்ளைங்க சாப்டுச்சா?" அவ்வளவுதான், லைன் அறுந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அப்பா நாற்காலியில் ஏறி முள்ளைத் திருப்பினார். அதன்பிறகு தோட்டத்துச் சங்கு ஊதினால்தான் அவர் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்புவார். "இந்த வீடு மட்டும் குவைத்துல இருக்குதாய்யா?" என்று லயத்தில் எல்லோரும் கிண்டல் பண்ணினார்கள். போன் வராத வாரங்களில் அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு, "இப்ப சமைச்சிக்கிட்டிருப்பா" என்பார். அவரது குரலில் இருந்த பயம் எனக்கும் தொற்றிக்கொள்ளும். பல வருஷம் கழித்து அம்மா திரும்பி வந்தாள். பையைக்கூட இறக்காமல் முள்ளைச் சரிசெய்தாள். "நான்தான் வந்துட்டேன்ல."

இன்று காலை தங்கச்சி ருமேனியாவுக்குத் தையல் வேலைக்குப் பறந்துவிட்டாள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் எல்லாவற்றையும் என் கைப்பேசி காட்டுகிறது. கடல்மேல் நகர்ந்துகொண்டிருந்த அந்தச் சின்ன விமானப் படம் திடீரென்று அசையாமல் நின்றுவிட்டது. சிக்னல் போயிருக்கும் என்று தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? கைப்பேசியோடு அப்பாவிடம் ஓடினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை.

"அங்க மணி என்ன?" என்றபடியே நாற்காலியை இழுத்துப் போட்டார். மெல்ல ஏறினார். நான் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். இறங்கச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"நல்லா பாத்து வையுங்க" என்றாள். "அவ வந்துதான் அதத் திருப்பணும்."