கால்வாய்ச் சுவரை உடைக்கிறார்கள்

போன வாரம் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். நான் முதன்முதலாக டீச்சர் வேலை பார்த்த பள்ளத்தாக்கு வந்ததும், எதிரே வந்த லாரிக்கு வழிவிட வண்டி நின்றது. கீழே ஒரு ஜேசிபி, கால்வாயின் கான்கிரீட் சுவரை உடைத்துக்கொண்டிருந்தது. ஓடையைப் பழையபடி வளைந்து ஓடவிட்டு, இருபுறமும் சதுப்பு நிலத்தைத் திரும்பக் கொண்டுவரப் போகிறார்கள் என்று பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். ஜன்னல் வழியாக மண்வாசனை வந்தது. புதுமழை வாசனை இல்லை. இலையும் புல்லும் ஊறிக் கறுத்துப்போன மண்ணின் புளித்த வாசனை. அதை முகர்ந்துவிட்டுத்தான் இறங்கினேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். ஊட்டிக்கு டிக்கெட் வாங்கிவிட்டுப் பாதியில் இறங்கியவளை கண்டக்டரும் ஒருமாதிரிதான் பார்த்தார்.

கோயமுத்தூரிலிருந்து வேலைக்கு வந்த புதிதில் அந்த வாசனையில் நான் முழங்கால்வரை மாட்டியிருக்கிறேன். பள்ளிக்குக் குறுக்கே போகலாம் என்று சதுப்புக்குள் இறங்கி, செருப்பையும் தைரியத்தையும் சேற்றில் விட்டுவிட்டு நின்றேன். கொழுந்து பறித்துவிட்டு வந்த ஒரு பெண்தான் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

"மேல ரோட்டு இருக்கே டீச்சர், இந்தச் சகதிக்குள்ள என்னாத்துக்கு வந்தீங்க?"

அவள் யோகம். சின்ன வயதில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலேற்றி அனுப்பப்பட்டவள். அன்றிலிருந்து எனக்கு யோகக்கா.

ஐப்பசி மழையில் அந்தப் பள்ளம் முழுக்கத் தண்ணீர் பரந்து நிற்கும். பிறகு தானாக வடியும். அங்கே வீடு கிடையாது, அதனால் யாரும் கவலைப்பட்டதில்லை. தவளைச் சத்தத்தில் எனக்குத்தான் தூக்கம் கெடும். பிறகு ஓடையை நேராக்கி இருபுறமும் சுவர் எழுப்பினார்கள். சதுப்பு காய்ந்தது. காய்ந்த இடத்தில் கேரட் போட்டார்கள், ஓரமாக வீடு கட்டினார்கள். யோகக்காவும் அவள் கணவர் முத்தையாவும் எஸ்டேட்டின் வரிசை வீடான லயத்தை விட்டு அங்கே வந்தார்கள். பால் காய்ச்சிய அன்று முத்தையா எனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். இரண்டு அறைதான். ஆனால் ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து மூடிக் காட்டினார். "இனி யாரும் நம்மள போகச் சொல்ல முடியாது டீச்சர்" என்றார்.

சில வருடம் கழித்து வந்த மழையில், பரவ இடமில்லாத தண்ணீர் சுவர்களுக்கு நடுவே எகிறிக்கொண்டு வந்தது. மத்தியானம் பள்ளிக்கு லீவு விட்டிருந்தோம். யோகக்கா மகன் ரவியைத் தூக்கிக்கொண்டு பள்ளி வராந்தாவுக்கு ஓடிவந்துவிட்டாள். முத்தையா கேரட் தோட்டத்து மோட்டாரைக் கழற்றப் போனார். போக வேண்டாம் என்று கத்தினோம். "சொவரு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவர் ஓரம் மண்ணோடு சரிந்தது. மறுநாள் கீழே, பாலத்துக்கு அப்பால்தான் அவர் கிடைத்தார்.

பிறகு எனக்கு மாற்றல் வந்தது. யோகக்கா அந்த வீட்டிலேயே இருந்து மகனை வளர்த்தாள். பொங்கலுக்கு போன் பேசுவோம். இந்த வருடம் அவள் பேசவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

ஜேசிபிக்கு எதிர்ப்புறம், குளிருக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். கிட்டே போனதும்தான் யோகக்கா என்று தெரிந்தது.

"வந்துட்டீங்களா டீச்சர்" என்றாள், நான் நேற்றும் வந்தவள் மாதிரி.

நடந்ததை அவளே சொன்னாள். அதிகாரிகள் கூட்டம் போட்டார்களாம். ஓடைக்கு அதன் இடத்தை விட வேண்டும், எல்லோருக்கும் மேட்டில் வீடு தருகிறோம் என்று ஒரு சின்னப் பெண் பொறுமையாக விளக்கினாளாம். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. வீடு கிடைக்கும், கேரட் நிலம் போய்விடும். முதலில் எழுந்து சரி என்றவள் யோகக்கா.

"அந்தப் புள்ளகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். இத அன்னைக்கே செஞ்சிருக்கக்கூடாதான்னு. பாவம், அது என்னா சொல்லும். அதுக்கு அப்ப பொறப்பே இருந்திருக்காது."

"ரவி என்ன சொன்னான்?"

"அவென் வெள்ளாமைய நானே அழிச்சிட்டேன்னு சொன்னான். திருப்பூருக்குப் போயிட்டான். போன் எடுக்கிறதில்ல." தலைத்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "லயத்துலேருந்து கூட வந்து வீடு கட்டுன சனமும் பேசுறதில்ல. நீ சரின்னதாலதான் எங்களையும் கெளப்பிட்டாங்கங்கிறாங்க."

நீங்கள் செய்தது சரிதான் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவளுக்குத் தெரியாததா.

மேல்பக்கம் சுவரை முன்னமே உடைத்துவிட்டிருந்தார்கள். அங்கே ஓடை அகலமாகப் பரவி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாததுபோல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. கோரைப்புல் தலைகாட்டியிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

யோகக்கா கரையோரமாக நடந்தாள். நின்றாள். திரும்பி வந்து இன்னொரு இடத்தில் நின்றாள். வீடுகளை இடித்துக் கல்லையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். வேலி இல்லை, வரப்பு இல்லை, ஒரே தண்ணீர்.

"இந்தா, இங்கதான் வாசல்" என்று கையை நீட்டினாள். பிறகு கையை இறக்கிக்கொண்டாள்.

"இல்ல டீச்சர். தெரியல."